கிலோவில் விற்கும் மிளகுக்கு லிட்டர் எதற்கு?

ஏற்காட்டு வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய கொடியிலிருந்து மிளகு பறித்துக் காயவைத்து, சேலத்துக்குக் கொண்டுபோனால், வியாபாரி தராசைத் தொடும் முன்பே 'லிட்டர் வெயிட் எவ்வளவு?' என்கிறார், அதாவது ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் என்று. கிலோவில் வாங்கப் போகிறவருக்கு லிட்டர் எதற்கு?"

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. பாட்டி காலத்து வாய்ப்பாடு இது. 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தபின் தானியமெல்லாம் தராசுக்கு ஏறிவிட்டது. முகத்தல் அளவை நிறுத்தல் அளவையிடம் தோற்றது. மிளகில் மட்டும் இன்னும் தோற்கவில்லை.

ஒரு லிட்டர் பாத்திரத்தில் மிளகைக் கொட்டித் தலைதட்டினால், உள்ளே மிளகு சுமார் அறுபது சதவீதம்தான், மீதி காற்று. குலுக்கினால் அறுபத்து நான்கு வரை போகும். ஆரஞ்சுக் கடைக்காரர் அடுக்குவதுபோல ஒழுங்காக அடுக்கினால் 74. ஒரே அளவு உருண்டைகளை அதற்கு மேல் நெருக்க முடியாது என்று வானியலாளர் கெப்ளர் 1611-ல் சொன்னார். 1998-ல்தான் கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸ் அதை நிரூபித்தார். கடைக்காரருக்குத் தெரிந்ததை நிரூபிக்கக் கணிதத்துக்கு 387 ஆண்டுகள்!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். மணி பெரிதோ சிறிதோ, எல்லாம் ஒரே அளவாக இருந்தால் அந்தச் சதவீதம் மாறாது. பெரிய மணிகளுக்கு நடுவே இடைவெளியும் பெரிது, ஆனால் எண்ணிக்கை குறைவு, சிறியதற்கு நேர்மாறு. பாத்திரம் மணியைவிட மிகப் பெரிதாக இருக்கும்வரை கணக்கு ஒன்றுதான். அப்படியானால் லிட்டரின் எடை எதைக் காட்டுகிறது? மணிக்குள் சதை இருக்கிறதா, பொக்கா என்பதைத்தான். 550 கிராம் நின்றால் முற்றிய மிளகு. பிஞ்சிலேயே பறித்தது உள்ளே வெற்றாக இருக்கும், எடை இறங்கும். தராசு மட்டும் இருந்தால் பொக்கும் கிலோவுக்குக் கிலோ சரியாகத்தான் நிற்கும். லிட்டர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஈரத்தை மட்டும் அது பிடிக்காது, அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

களத்தில் நெல் அளக்கையில் முதல் படியை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்பார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் லாபம் அந்தச் சொல்லில் இல்லை, படியின் வாயில் இருந்தது. கும்பமாக அளந்தால், மேலே நிற்கும் குவியலின் சரிவு தானியத்தைப் பொறுத்தது, கிட்டத்தட்ட மாறாதது. வாய் இரண்டு மடங்கு அகலமானால் குவியல் எட்டு மடங்கு. கொள்ளளவு ஒன்றேயான இரு படிகளில் அகல வாய்ப் படியை எடுத்தவர் சும்மா சிரித்துக்கொண்டிருப்பார்.

வாசகருக்கு: வீட்டில் சோதிக்கையில் பாத்திரத்தைத் தட்டாதீர்கள். ஒரே உயரத்திலிருந்து கொட்டி, குச்சியால் தலைதட்டி எடை போடுங்கள். பாத்திரத்தைத் தட்டினால் முப்பது, நாற்பது கிராம் கூடும். வியாபாரி தட்ட மாட்டார்.