இன்குபேட்டர்: அடைகாப்பானா, பொரிப்பானா?

வீட்டில் முட்டை வைத்துக் குஞ்சு எடுப்பவர்கள் அதற்கான கருவியைப் பெரும்பாலும் இன்குபேட்டர் என்றே சொல்கிறார்கள். இது இலத்தீனின் 'இன்குபாரே' என்ற வினையிலிருந்து வந்தது. மேலே படுத்திருத்தல் என்று பொருள். அலுவலகத்துக் கியூபிக்கிளுக்கும் இதே வேர்தான். அது முதலில் படுக்கையறையைக் குறித்தது.

தமிழில் இதற்கு அடைகாப்பான், குஞ்சு பொரிப்பான் என்று இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. எது சரி? இரண்டும் சரிதான், ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்தால் கோழி அடையும். குஞ்சு பொரிக்க முட்டை மேல் உட்கார்ந்துவிட்டால் அது அடைக்கோழி. நாம் செய்வது அடைவைத்தல், அது செய்வது அடைகாத்தல். இதில் 'காத்தல்' என்ற பாதியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோழி வெறுமனே சூடு தருவதில்லை, அலகால் முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். கருவியும் இதையெல்லாம் செய்தாக வேண்டும். விசிறி உள்ள பெட்டியில் கோழிமுட்டைக்கு 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம், 50 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம், நாளுக்குச் சில முறை புரட்டல். ஈரப்பதத்தில் இந்த அளவு எதற்கென்றால், 18 நாளில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காட்டை நீராவியாக இழக்க வேண்டும். அப்போதுதான் அகன்ற பக்கத்துக் காற்றறை குஞ்சு மூச்சுவிடும் அளவுக்குப் பெரிதாகும். இந்தக் கட்டத்துக்கு அடைகாப்பான் என்பதே பொருத்தமான பெயர் என்பேன்.

கடைசி மூன்று நாள் வேறு கதை. புரட்டுவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 விழுக்காடு வரை ஏற்ற வேண்டும். குஞ்சு ஓட்டை உடைக்கத் தோதாகத் திரும்பிக்கொள்ளும் நேரம் அது. ஆசையில் மூடியைத் திறந்து பார்த்தால் ஈரம் வெளியேறி, சவ்வு காய்ந்து குஞ்சைச் சுற்றி இறுகிவிடும். தயவுசெய்து திறக்காதீர்கள். பெரிய பண்ணைகளில் இதற்கென்று தனிப் பெட்டியே உண்டு, அதுதான் பொரிப்பான். வீட்டில் ஒரே பெட்டி இரண்டு வேலையையும் செய்வதால் பெயரும் கலந்துவிட்டது. கோழி 21ஆம் நாள் பொரிக்கும், வாத்துக்கு 28 நாள், காடைக்கு 17 அல்லது 18. கரு கூடாமலோ கெட்டோ பொரிக்காமல் போனது கூமுட்டை.

கோழிக்கு வந்த சொல் மனிதருக்கும் போனது. பாரிஸ் மகப்பேறு மருத்துவர் ஸ்டெஃபான் டார்னியே, உயிரியல் பூங்காவில் குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்து, 1880 வாக்கில் குறைமாதக் குழந்தைகளுக்கு அதுபோல் ஒன்று செய்வித்தார். புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு இடமும் உதவியும் தரும் இன்குபேட்டருக்கும் கோழியோடு தொடர்புண்டு. 1959இல் நியூயார்க் மாநிலத்துப் பட்டேவியாவில் ஜோசப் மன்குசோ பழைய ஆலையொன்றைப் பிரித்துச் சிறு நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டார். அங்கே குடியேறியவற்றுள் ஒன்று கோழி நிறுவனம். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கிருமி தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியும் வரையான நாட்களையும் ஆங்கிலத்தில் இன்குபேஷன் என்பார்கள், ஆனால் நோய்க்கு மட்டும் அடை என்ற சொல் சேராது. அங்கே நோயரும்பு காலம் என்பதே வழக்கு.

அப்புறம் எழுத்து. குஞ்சு 'பொறிப்பான்' என்று பலர் வல்லின றகரம் போடுகிறார்கள். பொறித்தல் என்றால் எழுத்தையோ முத்திரையையோ பதித்தல். முட்டை வெடித்துக் குஞ்சு வருவது பொரித்தல், இடையின ரகரம்.