தோட்டத்தில் எச்.ஐ.வி பரிசோதனை: கை நீட்டும் முன் கேளுங்கள்

தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு விளக்கம் இல்லை, அதனால்தான் ஆய்வுக்கு எடுக்கும் எச்.ஐ.வி பரிசோதனைக்கு மறுக்கிறார்கள் என்று சொல்லக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், கங்காணியும் பக்கத்து லயத்துக்காரர்களும் பார்த்திருக்க, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? நீட்டுகிற படிவம் சிங்களத்தில். வரிசையில் நின்றுவிட்டு மலைக்குப் பிந்திப் போனால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். மத்திய கிழக்குக்குப் போக மெடிக்கல் செய்தவர்களுக்கு இன்னொரு பயம். அங்கே எச்.ஐ.வி இருந்தால் விசா கிடைக்காது. இந்த ஊசியும் அதே மாதிரி என்று நினைக்கிறார்கள்.

ஆய்வுக்கு இரத்தம் கொடுப்பது உங்கள் விருப்பம். வேண்டாம் என்றால் காய்ச்சல் மருந்தோ பிள்ளையின் தடுப்பூசியோ நிற்காது. நிற்கும் என்று யாராவது மிரட்டினால் அது பொய். படிவத்தைத் தமிழில் கேளுங்கள், தமிழும் அரச கரும மொழிதான். வாசித்து விளங்காமல் கைநாட்டு வைக்காதீர்கள்.

அப்புறம், கட்டாயம் கேட்க வேண்டியது: "முடிவு எனக்குக் கிடைக்குமா?" பெயர் இல்லாமல் எடுக்கும் சில ஆய்வுகளில் எந்த இரத்தம் யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது; முடிவு உங்களுக்கு வராது. இது தெரியாமல், "யாரும் தேடி வரவில்லை, அப்போ ஒன்றுமில்லை" என்று ஓர் அக்கா வருடக்கணக்காக நம்பியிருந்தார். அவரிடம் அதை ஒருவரும் சொல்லவில்லை.

முடிவு வேண்டுமென்றால் அரசாங்க பாலியல் நோய் கிளினிக்குக்குப் போங்கள். கண்டி, நுவரெலியா, பதுளையில் இருக்கிறது. பரிசோதனை இலவசம், டொக்டரின் கடிதம் தேவையில்லை. ஆஸ்பத்திரிக்குள் வெளிநோயாளர் வரிசையில் நிற்க வேண்டாம், அங்கே துண்டு எழுதுபவர் "என்ன வருத்தம்?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்பார், பாதிப் பேர் அங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள். நேரே கிளினிக் வாசலுக்குப் போங்கள். ஹட்டன் பக்கத்திலிருந்து போனால் ஒரு நாள் பேர் போகும், உண்மைதான். தோட்டத்தில் காரணம் சொல்ல வேண்டியதில்லை, "கிளினிக்" என்றால் போதும்.

கர்ப்பிணிகளுக்கு வழமையான கர்ப்பிணி கிளினிக்கிலேயே இந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்ததற்கு அந்தப் பரிசோதனையும் ஒரு காரணம். அதைத் தட்டாதீர்கள்.

விரலில் குத்தும் முதல் சோதனையில் "இருக்கிறது" என்று வந்தால் அது முடிவல்ல, உறுதிப்படுத்தும் சோதனை இன்னொன்று உண்டு. உறுதியானாலும் மருந்து இலவசம். "இல்லை" என்று வந்தாலும், பயப்படும்படி ஏதாவது நடந்து 3 மாதம் ஆகவில்லை என்றால், 3 மாதம் முடிந்ததும் மறுபடி போய்ப் பாருங்கள்.