'ரெட் = 0' போட்டு வோர்னிங்கின் வாயை அடைக்காதீர்கள்

கோட்டில் பிழை இருக்கலாம் என்று கருவி தரும் எச்சரிக்கையை (வோர்னிங்), காரணம் பாராமல் ஒரு பூச்சியம் போட்டு அடக்குவது இந்த மாதம் மட்டும் இது நாலாவது. நாலு பேரும் வேறு வேறு பிள்ளைகள், செய்தது ஒரே வேலை. அதனால்தான் எழுதுகிறேன்.

கடைசியாக ரிவியூவுக்கு வந்தது, கிணற்று நீர்மட்டம் அளக்கும் சென்சருக்கான லினக்ஸ் ட்ரைவர், அதாவது சென்சரோடு பேசும் நிரல். கோண்டாவில் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றில் ஏற்கெனவே பூட்டிவிட்டார்கள். சென்சர் தயாரா என்று ஐந்து தரம் கேட்கும் ஒரு லூப். தயார் என்றால் வாசித்து, வாசிப்புச் சரியா பிழையா என்ற விடையை 'ரெட்' என்ற மாறியில் போட்டு வெளியே வரும். கடைசி வரி 'ரிட்டர்ன் ரெட்'. ஐந்து தரமும் பதில் வராவிட்டால்? ரெட்டுக்குள் எவரும் எதையும் போடவில்லை. கோட்டை ஓட்டாமலே பிழை தேடும் ஸ்மாட்ச் என்ற கருவி அதைத்தான் சுட்டிக்காட்டியது. எழுதிய தம்பி கோட்டின் மேலே போய் 'இன்ட் ரெட் = 0' என்று திருத்திவிட்டு, "அண்ணை, வோர்னிங் போயிட்டுது" என்றார்.

பூச்சியம் ஒன்றுமில்லாத எண், போட்டால் பாதகமில்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை! லினக்ஸின் மையமான கேர்னலில் இப்படியான ஃபங்ஷன் பூச்சியத்தைத் திருப்பினால் 'வேலை சரியாக முடிந்தது' என்று அர்த்தம். பிழை என்றால் மறை எண் வரவேண்டும். வயர் கறள் பிடித்து சென்சர் பேசாமல் போனபோது, ட்ரைவர் 'வாசித்துவிட்டேன்' என்று சொல்லிப் பழைய அளவையே கொடுத்தது. திரையில் மூன்று நாளாக ஒரே நீர்மட்டம். கீழே மோட்டார் சேறு இழுத்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தப் பூச்சியத்தைப் போட்ட பிறகு, ஐந்து தரமும் பதில் வராத அந்த வழியைப் பற்றி ஸ்மாட்ச் மறுபடி வாய் திறக்காது. அதன் கணக்கில் மாறிக்கு மதிப்பு இருக்கிறது. லூப் முடிந்த இடத்தில் டைம்அவுட் பிழை எண்ணைத் திருப்பும் ஒரு வரி போதுமாயிருந்தது.

இதே தவறைக் கேர்னலும் பல வருடம் சுமந்தது. மாறியை அதற்கே சமப்படுத்தி வோர்னிங்கை அடக்கும் 'அன்இனிஷியலைஸ்ட்_வார்' என்றொரு மேக்ரோ (கோட்டுக்கான சுருக்கெழுத்து) இருந்தது. உண்மையான பிழைகளையும் மறைக்கிறது என்று கேர்னல் டெவலப்பர் கீஸ் குக் அதை வேரோடு பிடுங்கினார். 2020இல் 5.9 பதிப்போடு அது ஒழிந்தது.

ஸ்பார்ஸ் என்ற இன்னொரு சோதனைக் கருவி பைட் வரிசை (எண்ணின் பைட்டுகள் அடுக்கப்படும் ஒழுங்கு) பற்றிச் சொன்னால், 'இதைப் பார்க்காதே' என்று அதற்குச் சொல்லும் '__ஃபோர்ஸ்' போட்டு மூடுவதும் இதே கதைதான். உங்கள் மடிக்கணினியில் ஓடும். பைட் வரிசை மாறிய போர்டில் எண் தலைகீழாக வரும்.

கருவிகள் பொய்யாகக் கத்துவதும் உண்டு, மறுக்கவில்லை. அதே 2020இல், 5.7 பதிப்பில், ஜிசிசி கம்பைலரின் இந்த வகை வோர்னிங்கை, லினக்ஸை உருவாக்கிய டொர்வால்ட்ஸே வழமையான பில்டில் நிறுத்திவைத்தார். ஆனால் பொய் என்று முடிவெடுக்க முதல் ஒவ்வொரு வழியையும் விரல் வைத்துப் பாருங்கள். ஏன் பொய் என்று, மாற்றத்தோடு போகும் கமிட் செய்தியில் எழுதுங்கள். எழுத வரவில்லையா, அப்போ அது பொய்யில்லை. அனுப்ப முதல், கம்பைல் பண்ணும்போதே ஸ்பார்ஸையும் ஓட்டும் 'மேக் சீ=1' கட்டளையை ஒரு தரம் ஓட்டுங்கள். இதைக்கூடச் செய்யாமல் ரிவியூவுக்கு வராதீர்கள்.

விளங்காவிட்டால் வோர்னிங்கை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் கொண்டு வாருங்கள், பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் இருந்து பார்ப்போம்.