ஐந்து நிமிடம் உறைந்த கணினி

ஜூரோங்கிலிருந்து எழுதியிருந்த வாசகர், பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினிப் பொறியியல் படிப்பவர். ஓய்வு நேரத்தில் சொந்தமாகச் சிறிய இயங்குதளம் ஒன்றை எழுதிவருகிறார். சில மைக்ரோவினாடிகள் மட்டுமே காத்திருக்க வேண்டிய அவரது நிரல், எப்போதாவது ஒருமுறை உறைந்து நின்றுவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடுகிறதாம். பழைய கணினிக்கு ராசியில்லை என்று நண்பர்கள் சொன்னதை ஏற்காமல், கைப்பேசியில் நேரம் குறித்து, ஒவ்வொரு முறையும் அதே ஐந்து நிமிடம்தான் என்று அவர் எழுதியிருந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்தது. மாறாத எண் ஒன்று கைக்குக் கிடைத்தபின் அங்கே ராசிக்கு இடமில்லை.

அவர் பயன்படுத்துவது, இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்த எச்பெட் என்னும் நுண்காலக் கடிகாரம். இதில் ஓயாமல் ஏறிக்கொண்டே போகும் முதன்மை எண்ணி ஒன்றும், அதனோடு ஒப்பிடும் எண்ணை எழுதிவைக்கக் குறைந்தது மூன்று பதிவகங்களும் உண்டு. எண்ணி வினாடிக்கு ஒரு கோடி முறையாவது துடிக்க வேண்டும் என்பது விதி. பல கணினிகளில் அது 1,43,18,180 முறை துடிக்கிறது. இந்த விசித்திரமான எண், அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிற அலையைப்போல் நான்கு மடங்கு. 1981இல் ஐபிஎம் தன் முதல் தனிநபர் கணினியில் அந்த அதிர்வெண் கொண்ட படிகத்தைப் பொருத்தியது, அந்த எண் இன்றும் நம்மோடு இருக்கிறது. ஒரு துடிப்பின் நீளத்தைச் சாதனமே ஃபெம்டோவினாடியில் (நானோவினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சொல்லிவிடும்: 6,98,41,279, அதாவது ஏறத்தாழ 70 நானோவினாடி.

இனி, நான் நின்று ரசிக்கும் இடம். எண்ணி 1,000இல் இருக்கும்போது, ஒப்பீட்டுப் பதிவகத்தில் 1,050 என்று எழுதினால், எண்ணி 1,050ஐத் தொட்டதும், கைவேலையை நிறுத்தி இதைக் கவனி என்னும் குறுக்கீட்டுச் சைகை செயலிக்குப் போகும். ஆனால் அந்த மின்சுற்று பார்ப்பது ‘சமமா’ என்பதை மட்டுமே. ‘கடந்துவிட்டதா’ என்று அது ஒருபோதும் கேட்பதில்லை. பலதுறை மருந்தகத்தில் வரிசை எண்ணைக் கையில் வாங்கும் முன்பே திரை அந்த எண்ணைக் கடந்துவிட்டால் என்ன ஆகும்? எண்கள் முடிந்து மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கி நம் எண் வரும்வரை அழைப்பு வராது. அதுவேதான் இங்கும் நடக்கிறது. எண்ணியைப் படித்து, கூட்டி, பதிவகத்தில் எழுதுவதற்குள் பல துடிப்புகள் ஓடிவிடுகின்றன. ஏனெனில் இது செயலிக்கு வெளியே இருக்கும் சாதனம், அதை அணுகுவது சாதாரண நினைவகத்தை அணுகுவதைவிட மிக மெதுவானது. இடையில் வேறொரு குறுக்கீடு நுழைந்துவிட்டால் தாமதம் இன்னும் கூடும். எழுதி முடிக்கும்போது எண்ணி 1,051இல் நின்றால், அந்த அழைப்பு தவறிப்போகிறது.

அப்படியானால் ஐந்து நிமிடம் எங்கிருந்து வந்தது? வாசகர் ஒப்பீட்டை 32 பிட், அதாவது 32 இரும இலக்க அளவில் அமைத்திருந்தார். 32 பிட்டில் அடங்கும் 429,49,67,296 துடிப்புகளை 1,43,18,180ஆல் வகுத்தால் 299.97 வினாடி, எண்ணி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அதே எண்ணுக்குத் திரும்ப ஆகும் நேரம் அது. முழு 64 பிட்டில் அமைத்திருந்தால் அதே சுற்றுக்கு நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும், கணினி செத்துவிட்டது என்றே அவர் முடிவுகட்டியிருப்பார். 32 பிட்டாக இருந்ததால்தான் பிழை தன் அடையாளத்தை விட்டுச் சென்றது.

லினக்ஸ் இயங்குதளம் செய்வதைத்தான் அவருக்கும் எழுதினேன்: பதிவகத்தில் எழுதிய கையோடு எண்ணியை மறுபடி படிக்க வேண்டும், எழுதிய எண்ணாகிய குறி கடந்துவிட்டது, அல்லது மிக அருகில் இருக்கிறது என்றால், சற்றுத் தள்ளி வேறொரு குறி வைக்க வேண்டும். ஒப்பிடும்போது ‘எது பெரியது’ என்று கேட்கக்கூடாது; குறியிலிருந்து எண்ணியைக் கழித்து, விடையை நேர்மம், எதிர்மம் இரண்டும் காட்டும் 32 பிட் எண்ணாக எடுத்துக்கொண்டு, அது நேர்மமா என்று பார்க்க வேண்டும். அப்போதுதான் எண்ணி பூச்சியத்துக்குத் திரும்பும் தருணத்திலும் கணக்குப் பிசகாது. இடைவெளி அரைச் சுற்றான இரண்டரை நிமிடத்துக்குள் இருந்தால் போதும். அந்தச் சில வரிகளைச் சேர்த்து இரவு முழுவதும் ஓடவிட்டதாகவும், காலைவரை ஒருமுறைகூட உறையவில்லை என்றும் அவர் பதில் எழுதியிருக்கிறார்.