கற்பனைப் படைக்கு எத்தனை நட்சத்திரம்?

வெப் காமிக்ஸோ, கணினி விளையாட்டோ, மிகுபுனைவு நாவலின் அட்டையோ, ஒரு படை வந்துவிட்டால் ஓவியர் முதலில் கை வைப்பது தளபதியின் தோளில்தான். பெரிய ஆள் என்று காட்ட வேண்டுமே! ஏழு நட்சத்திரம், நடுவில் ஒரு கழுகு, சுற்றிலும் தங்கச் சரிகை. துணைத் தளபதிக்கு ஆறு நட்சத்திரம். படம் பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். ஆனால் இருவரையும் தனித்தனிப் பக்கங்களில் வரைந்துவிட்டு, யார் மேலதிகாரி என்று கேட்டால் வாசகர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார். நிஜப் படைகள் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்வதில்லை. அவற்றின் பதவிச் சின்னங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அவை கண்ணுக்கென்றே அமைந்த ஓர் எண் முறை என்பது புரியும்.

1871-இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஒரு சின்னச் சோதனை செய்து 'நேச்சர்' இதழில் எழுதினார். கறுப்பு அவரை விதைகளைக் கைக்கு வந்தபடி அள்ளி வீசுவார். ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் விழுந்தவை எத்தனை என்று எண்ணாமல், பார்த்த மாத்திரத்தில் சொல்வார். பிறகு எண்ணிச் சரிபார்ப்பார். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை. மூன்று, நான்கு விதைகள் விழுந்தபோது ஒருமுறைகூடத் தப்பவில்லை. ஐந்தில் தவறு எட்டிப்பார்த்தது. பத்து வந்தபோது பாதிக்கு மேல் தவறு. பிற்கால உளவியலாளர்களும் இதைத் திரும்பத் திரும்ப உறுதிசெய்திருக்கிறார்கள். நான்கு வரைதான் பார்வை மட்டுமே போதும். அதற்கு மேல் எண்ணத்தான் வேண்டும். எண்ண நேரம் பிடிக்கும்.

சரி, இப்போது இந்திய இராணுவ அதிகாரியின் தோளுக்கு வருவோம். லெப்டினன்டுக்கு இரண்டு நட்சத்திரம், கேப்டனுக்கு மூன்று. (ஒற்றை நட்சத்திர செகண்ட் லெப்டினன்ட் பதவி இப்போது வழக்கில் இல்லை.) அடுத்து மேஜர். அவருக்கு நான்கு நட்சத்திரம் என்று போகாமல் படமே மாறுகிறது: ஓர் அசோகச் சிங்கம். லெப்டினன்ட் கர்னலுக்குச் சிங்கத்தோடு ஒரு நட்சத்திரம், கர்னலுக்கு இரண்டு, பிரிகேடியருக்கு மூன்று. மறுபடியும் மூன்றில் நின்றுவிட்டு, மேஜர் ஜெனரலுக்குக் குறுக்காகக் கிடக்கும் வாளும் கோலும், மேலே ஒரு நட்சத்திரமும். லெப்டினன்ட் ஜெனரலுக்கு அந்த நட்சத்திரத்தின் இடத்தில் சிங்கம். ஜெனரலுக்குச் சிங்கமும் நட்சத்திரமும் சேர்ந்து. ஆக, மூன்றே படங்களை வைத்துக்கொண்டு ஒன்பது பதவிகளைச் சொல்லியாகிவிட்டது. எந்தத் தோளிலும் ஒரே படம் மூன்று முறைக்கு மேல் வருவதில்லை. ரோமானிய எண்களில் மூன்று கோடு வரைக்கும் போட்டுவிட்டு ஐந்துக்கு வேறு எழுத்தை எடுப்பார்களே, அதே உத்தி.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. கேப்டனின் மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் இருக்கும். பிரிகேடியரின் மூன்று, சிங்கத்துக்குக் கீழே முக்கோணமாக இருக்கும். வடிவத்தைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும், எண்ணவே தேவையில்லை. 1944-இல் அமெரிக்கர்கள் ஐந்து நட்சத்திரப் பதவியை உண்டாக்கியபோதும் இதைத்தான் செய்தார்கள். நான்கு வரை வரிசையாக வைத்தவர்கள், ஐந்தை மட்டும் முனையோடு முனை தொடும் வட்டமாக அடுக்கினார்கள். வட்டமாக இருந்தால் ஐந்து, அவ்வளவுதான்.

அதே அமெரிக்கர்கள் சறுக்கிய இடமும் உண்டு. அங்கே செகண்ட் லெப்டினன்டுக்கு ஒரு தங்க நிறப் பட்டை, அதற்கு மேற்பட்ட ஃபர்ஸ்ட் லெப்டினன்டுக்கு அதே பட்டை வெள்ளி நிறத்தில். மேஜருக்குத் தங்க ஓக் இலை, அவருக்கு மேலே இருக்கும் லெப்டினன்ட் கர்னலுக்கு வெள்ளி இலை. தங்கத்தைவிட வெள்ளி ஏன் உசத்தி என்று கேட்காதவர் இல்லை. லெப்டினன்ட் விஷயத்தில் காரணம் எளிது. வெள்ளிப் பட்டை ஏற்கெனவே மேலவரிடம் இருந்தது. கடைசி அதிகாரிக்கு 1917 வரை பட்டையே கிடையாது. அவருக்கும் ஒன்று கொடுக்க நேர்ந்தபோது, மற்றவர்களுடையதை மாற்றாமல் மிச்சமிருந்த நிறத்தைக் கொடுத்துவிட்டார்கள். களத்தில் மின்னக்கூடாது என்பதற்காகத் துணியில் தைக்கும் மங்கலான சின்னங்களில் தங்கம் பழுப்பாகிறது, வெள்ளி கறுப்பாகிறது. அந்தி நேரத்தில் பழுப்புக்கும் கறுப்புக்கும் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது?

நிறத்தை மட்டும் நம்பிப் பதவியைக் குறிக்கக்கூடாது என்பதற்கு உடலியல் காரணமே இருக்கிறது. வெளிச்சம் குறையக் குறைய விழித்திரையில் கூம்பு செல்கள் ஓய்ந்து, குச்சி செல்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். குச்சி செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியவே தெரியாது. பகலில் பளிச்சென்றிருக்கும் சிவப்பு, மாலையில் முதலில் கறுத்துப்போகும்; நீலம் அப்போதும் வெளிறித் தெரியும். பர்கின்யே விளைவு என்று இதற்குப் பெயர். கூடவே, சிவப்பு–பச்சை நிறக்குருடு ஆண்களிடம் அரிதான ஒன்றும் இல்லை. கற்பனைப் படையில் சிவப்புக் கோடு தளபதிக்கு, பச்சைக் கோடு சிப்பாய்க்கு என்று வைத்தால், இருட்டியதும் சல்யூட் இடம் மாறும்.

சின்னம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? இதற்குக் கணக்கே போடலாம். நல்ல பார்வையுள்ள கண் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்துப் பார்க்கும். இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே அரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், சுமார் 17 மீட்டர் தூரம் வரை அவை இரண்டு என்று தெரியும். எதிரே வருபவருக்கு சல்யூட் அடிக்க அது தாராளம். முந்நூறு மீட்டரில் நிற்கும் துப்பாக்கிக்காரனின் வெறும் கண்ணுக்கோ ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறைந்த எதுவும் பிரியாது. நட்சத்திரம் இருப்பதே தெரியாது. துப்பாக்கியில் நான்கு மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடி இருந்தால் இந்த ஒன்பது இரண்டேகாலாகச் சுருங்கிவிடும். அப்போது மின்னும் உலோகமும் அகலமான சரிகையும் காட்டிக்கொடுக்கும். நண்பனுக்குத் தெரிய வேண்டும், எதிரிக்குத் தெரியக்கூடாது; சீருடை வடிவமைப்பின் முழுத் தலைவலியும் இந்த ஒரு முரண்பாடுதான்.

இதை இரத்தம் சிந்தித்தான் கற்றிருக்கிறார்கள். 1805-இல் டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் தன் கோட்டில் விருது நட்சத்திரங்கள் பின்னிய நிலையிலேயே மேல்தளத்தில் உலாவினார். பிரெஞ்சுக் கப்பலின் பாய்மரத்து மேடையிலிருந்து வந்த குண்டு இடது தோளில் பாய்ந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் சின்னம் சட்டைக் கையின் மணிக்கட்டுப் பகுதியில், வெளிறிய பின்னல் கோடுகளோடு இருந்தது. குறிபார்த்துச் சுடுபவர்களுக்கு அது வசதியாகிப்போகவே, பலர் சின்னத்தைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள். போர் முடிந்த பிறகு மணிக்கட்டுச் சின்னமே ஒழிந்தது. இப்போது உடற்கவசமும் பட்டைகளும் தோளை மறைத்துவிடுவதால் அமெரிக்கக் களச் சட்டையில் அது நெஞ்சுக்கு நடுவே வந்துவிட்டது.

உருமறைப்புத் துணிக்கும் அதே 17 மீட்டர்க் கணக்குதான். சின்னச் சின்னக் கட்டங்கள் கிட்டத்தில் இலை, மண் போலக் கலந்துவிடும். தூரம் போனால் அவை ஒன்றோடொன்று கரைந்து ஒரே நிறமாகிவிடும். ஆகவே உடலின் வெளிக்கோட்டை உடைக்கப் பெரிய திட்டுகளும் வேண்டும், அவற்றுக்குள் வெளிச்ச வேறுபாடும் வேண்டும். எல்லா நிலத்துக்கும் ஒரே துணி என்று அமெரிக்கத் தரைப்படை 2004-இல் அறிவித்த சாம்பல்–பச்சைக் கட்டத் துணியில் இந்த வேறுபாடு போதவில்லை. தொலைவில் ஆள் வெளிறிய ஒற்றைத் திட்டாகத் தெரிந்தார். 2010-இல் ஆப்கானிஸ்தானுக்குப் போனவர்களுக்கு வேறு துணி கொடுக்க வேண்டியதாயிற்று. உங்கள் கற்பனைப் படைக்குத் துணி வரையும் முன், அது எந்த மண்ணில் சண்டை போடுகிறது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

புரட்சிப் படை என்றால் பதவியே கிடையாது என்று எழுதுவது எழுத்தாளர்களுக்குப் பிடித்தமான விஷயம். சீனா அதைச் செய்தும் பார்த்தது. 1965-இல் பதவிகளையும் சின்னங்களையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதிகாரியின் சட்டையில் நான்கு பை, சிப்பாயின் சட்டையில் இரண்டு பை! பார்க்கிறவர்கள் பையை எண்ணினார்கள். 1988-இல் பதவிகள் திரும்பி வந்தன. ரஷ்யாவின் சோவியத் ஆட்சியும் 1917-இல் கழற்றி எறிந்த தோள்பட்டையை 1943-இல் மறுபடி மாட்டிக்கொண்டது. தையற்காரரே இல்லாத படைக்கு ஜார்ஜ் வாஷிங்டன் நல்ல முன்மாதிரி. 1775-இல் அவர் படைக்குச் சீருடை கிடையாது. தொப்பியில் குத்திக்கொள்ளும் துணிப் பூவின் நிறத்தால் கேப்டன்களுக்கு ஒன்று, அவர்களுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேறொன்று என்று பிரித்தார். தனக்கு மார்பின் குறுக்கே வெளிர்நீல நாடா.

இனி ஒரு படையைக் கட்டிப் பார்க்கலாம். ஏரிகள் நிறைந்த ஒரு முடியரசு என்று வைத்துக்கொள்வோம். சிறிய சின்னம் மீன், பெரிய சின்னம் படகு, உச்சிச் சின்னம் குறுக்காகக் கிடக்கும் இரு துடுப்புகள். மூன்றையும் கறுப்பு மையால் நிரப்பிக் கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கினாலும் குழம்பக்கூடாது. குழம்பினால் வேறு வரையுங்கள். சிப்பாய்களின் பதவியைத் தோளில் வைக்காமல் மேற்கையில் வளைகோடுகளாக வையுங்கள், நம் லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தாருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று இருப்பதுபோல. இடத்தை வைத்தே வகுப்பு தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த நாட்டுக்கு ஒரு வரலாறு கொடுங்கள். அரசர் போய்க் குடியரசு வந்தால் படகின் மேலிருந்த கிரீடம் போகும், ஆனால் எண்ணிக்கை முறை அப்படியே இருக்கும். 1950-இல் இந்தியாவில் நடந்தது இதுதான். பிரிட்டிஷ் கிரீடத்தின் இடத்துக்குச் சிங்கம் வந்தது, பழைய நட்சத்திரத்தின் இடத்துக்கு ஐந்து முனை நட்சத்திரம் வந்தது. கேப்டனுக்கு மூன்று என்பது மாறவில்லை. இந்த வேலை இன்னும் முடிந்தபாடில்லை. 2023 டிசம்பரில்தான் நம் கடற்படை அட்மிரல்களின் தோளுக்கு மராத்திய மன்னர் சிவாஜியின் முத்திரையை ஒட்டிய எண்கோணம் வந்தது. பழைய சின்னமும் புதிய சின்னமும் ஒரே கதையில் அடுத்தடுத்துத் தெரிந்தால், அந்த நாட்டுக்குக் கடந்தகாலம் உண்டு என்பதை வாசகருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நிஜச் சீருடையை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். இராணுவ வீரர் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தோடு அந்த உடையை அணிவது இந்தியச் சட்டப்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை கிடைக்கும். கதைக்காக வரைவது அந்த வகையில் சேராது. ஆனால் 2022 ஜனவரி 15 அணிவகுப்பில் இராணுவம் காட்டிய புதிய களச் சீருடையின் துணி வடிவத்தை, அதே ஆண்டிலேயே வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துவிட்டார்கள். அதைப் பிரதியெடுத்து உங்கள் படைக்கு மாட்டிவிட்டுச் சட்டை அச்சடித்து விற்கக் கிளம்பினால் வம்புதான்.