பபூன் புண்ணில் பறங்கிக் கிருமி

தான்சானியாவின் மன்யாரா ஏரித் தேசியப் பூங்காவில் வாழும் பபூன் குரங்குகளில் பலவற்றுக்குப் பிறப்புறுப்பில் புண். முற்றினால் உறுப்பே சிதைந்துவிடும். கண்ணால் பார்க்கிற யாருக்கும், பாலுறவால் பரவும் சிபிலிஸ் என்றுதான் தோன்றும். மயக்க மருந்து கொடுத்து, புண்ணைப் பஞ்சால் ஒற்றியெடுத்து, கிருமியின் மரபணுவைப் படித்தபோது வேறு பெயர் வந்தது: யாஸ்.

சிபிலிஸும் யாஸும் ட்ரெபோனிமா பாலிடம் என்னும் திருகாணி வடிவப் பாக்டீரியாவின் இரு துணையினங்கள். மரபணுவில் நூற்றுக்கு அரைப் பங்கு வித்தியாசம்கூட இல்லை. மனிதரிடம் யாஸ் பாலுறவால் பரவுவதில்லை. வெப்பமண்டலக் கிராமங்களில், சிறு சிராய்ப்பு உள்ள ஒரு பிள்ளையின் கால், புண்ணுள்ள இன்னொரு பிள்ளையின் மேல் உரசினாலே போதும். கவனிக்காமல் விட்டால் எலும்பு வரை போகும். இலங்கையில் இதற்குப் பறங்கி நோய் என்று பெயர். பழியைப் போர்த்துகீசியர் தலையில் கட்டிய பெயர்.

1952 முதல் 1964 வரை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பென்சிலின் ஊசியோடு ஊர் ஊராகப் போயின. 5 கோடியாக இருந்த நோயாளிகள் 25 லட்சமாகக் குறைந்தார்கள். அத்தோடு கை தளர்ந்தது. இந்தக் கிருமி, புண் ஆறிய பிறகும் உடம்புக்குள் ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருக்கும். நோய் திரும்பி வந்தது. 2012இல் புதிய திட்டம்: ஊர் முழுவதற்கும் ஒரே வேளை அசித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. இந்தியா அதற்கு முன்பே வீடு வீடாகத் தேடி வைத்தியம் பார்த்து, 2016இல் யாஸ் அற்ற நாடு என்று சான்று பெற்றது.

இந்த ஒழிப்புக் கணக்கு முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: கிருமிக்கு மனிதனை விட்டால் வேறு வீடு இல்லை. பெரியம்மையை ஒழிக்க முடிந்ததும் அதனால்தான். ஆனால் கினி நாட்டு பபூன் ஒன்றிடமிருந்து இதே கிருமியை 1960களிலேயே பிரித்தெடுத்திருந்தார்கள். அதை மனிதருக்குச் செலுத்திப் பார்த்தபோது தொற்றவும் செய்தது. அப்போதே காதில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

காட்டில் அது தானாகத் தாவுகிறதா என்பது தனிக் கேள்வி. இயற்கையில் குரங்கிடமிருந்து மனிதருக்கு வந்தது என்று இதுவரை நிரூபணம் இல்லை. தான்சானியாவில் குரங்குகளிடம் நோய் மலிந்திருந்தும், மனிதரிடம் யாஸ் பதிவாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. என்னைப் பொறுத்தவரை இது பெரிய ஆறுதல். மேற்கு ஆப்பிரிக்க நாடான கோட் டிவாரில் நிலைமை வேறு. அங்கே மனிதருக்கும் நோய் உண்டு, டாய் காட்டு மாங்கபே குரங்குகளுக்கும் உண்டு. குரங்குக் கூட்டத்தோடு சுற்றும் ஈக்களிலும் கிருமியின் மரபணு கிடைத்திருக்கிறது, அவை உயிருள்ள கிருமியைச் சுமக்கின்றனவா என்பது வேறு விஷயம். வேட்டையாடிய குரங்கை அறுக்கும் கையில் ஒரு சிராய்ப்பு இருந்தால், ஈயின் உதவிகூடத் தேவைப்படாது.