தூக்கிய கை இறங்காமல் நின்றால்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகில் கால் வழுக்கிய ஒருவர், எட்டிய கயிற்றை ஒரு கையால் பிடித்துத் தொங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடலின் எடை முழுவதும் ஒரே தோளில் இறங்குகிறது. கை அளவுக்கு மீறி மேலே போகும்போது மேற்கை எலும்பு தோளின் உச்சி எலும்பில் முட்டுகிறது. கடப்பாரையால் கல்லை நெம்புவதுபோல அந்த முட்டு, எலும்பின் உருண்டைத் தலையைக் குழியிலிருந்து கீழே பெயர்த்துவிடும். அதன்பின் கை இறங்காது. முழங்கை மடங்கி, முன்கை தலைமேல் கிடக்க, அப்படியேதான் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுவருவார்கள்.

தோள் மூட்டு பெரும்பாலும் முன்பக்கமாகவே நழுவும். இப்படிக் கீழ்நோக்கி நழுவுவது ஏறக்குறைய இருநூறில் ஒன்று.

அக்குள் நரம்பு, மேற்கை எலும்பின் கழுத்தை ஒட்டி வளைந்து போகிறது. எலும்பின் தலை கீழே இறங்கினால் நரம்பு இழுபடும். தோளுக்கு உருண்டை வடிவம் தரும் டெல்டாய்டு தசையை இயக்குவது இந்த நரம்புதான். அதனால் மூட்டைப் பொருத்துவதற்கு முன்பே மேற்கையின் வெளிப்புறத் தோலைப் பஞ்சால் தொட்டு, மறு கையோடு ஒப்பிட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மணிக்கட்டில் நாடியும் பார்க்க வேண்டும். பெரிய ரத்தக்குழாயும் அதே அக்குளில்தான் ஓடுகிறது. அக்கம்பக்கத்தார் அன்போடு "இழுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். தயவுசெய்து அப்படி இழுக்க விடாதீர்கள். உள்ளே எலும்பு முறிந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் அது தெரியாது.

மயக்க மருந்து கொடுத்தபின், தோள்மேல் போட்ட துணியை உதவியாளர் கீழ்நோக்கிப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் கையை அது நிற்கும் திசையிலேயே மேல்நோக்கி நிதானமாக இழுப்பார். எலும்பின் தலை குழிக்குள் போனதும் கை இறங்கிவிடும். இப்போது டெல்டாய்டின் மேல் விரல்களை வைத்து, முழங்கையை வெளிப்பக்கம் தள்ளச் சொல்ல வேண்டும். தோலில் உணர்ச்சி சரியாக இருந்தும் தசை இறுகாமல் போகலாம் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

தசை இறுகவில்லை என்றாலும் கலங்க வேண்டாம். நரம்பு அறுபடாமல் இழுபட மட்டும் செய்திருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே தேறும். நரம்பின் உள்ளே இருக்கும் இழைகள் அறுந்திருந்தால், அவை நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் மீண்டும் வளரும். 3, 4 வாரங்கள் கழித்துத் தசையின் மின் செயல்பாட்டைச் சோதிப்பார்கள். 3 முதல் 6 மாதங்களுக்குள்ளும் அசைவு தென்படாவிட்டால் நரம்பு அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள். அதற்கும் மேல் தாமதித்தால் தசை நலிந்துவிடும். மூட்டு பொருந்தியதும் வலி தணிந்துவிடும். தினக்கூலிக்காரருக்கு மறுபரிசோதனைக்காக ஒரு நாள் கூலியை இழக்க மனம் வராது. ஆனால் நரம்பு மீள்கிறதா என்பது தெரிவது அந்த மறுபரிசோதனையில்தான்.